மூடிடட்டுமா, சார்?

சத்தியம். என் கத்தரிக்கோல் மேல, தையல் மிஷின் மேல, இந்த வயசிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிற என் ரெண்டு கண் மேல சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர் இருந்த காலம். என் தையல் கடைக்கும் பக்கத்து சிடி கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைதான் சுவர். கேமராவில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோனால் அவர் டிஸ்க்கில் ஏற்றித் தருவார். 'எரிக்கிறது' என்று அதற்குப் பேர். பேருக்கு ஏற்ற மாதிரிதான் மிஷினும். ஒரு டிஸ்க் எரிந்து முடிவதற்குள் பலகை கொதிக்கும். இந்தப் பக்கம் சட்டையை வைத்துத் தேய்த்து நான் இஸ்திரி போட்டுக்கொள்வேன். சிரிக்காதீங்க, சத்தியம் பண்ணியிருக்கேன்.

சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துப் பலகை வழியாகக் கேட்கும்.

"மூடிடட்டுமா, சார்?"

"வேண்டாம் தம்பி. இன்னும் வரும்."

பாவம், கடையை மூட விடமாட்டேங்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை கண்டக்டரின் மகள் கையில் டிஸ்க்கோடு சிடி கடைக்கு வந்தாள்.

"அண்ணா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அம்மா போய் ஏழு மாசம் ஆச்சு. அம்மா வீடியோ எங்க வீட்டு பிளேயர்ல ஓடவே மாட்டேங்குது. உங்க மிஷின்ல மட்டும் எப்படி ஓடுது?"

"மிஷின் கொஞ்சம் தகராறும்மா. அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

"இதைத்தான் மூணு மாசமா சொல்றீங்க. எங்கப்பா முழங்கால் வலியோட வாராவாரம் இங்க வந்து பார்க்கணுமா?"

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? வெளியே வந்தவளைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"இங்க வாம்மா. சினிமா தியேட்டர் பக்கத்துல புதுசா ஒரு சிடி கடை திறந்திருக்காங்க. அங்க காட்டு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

ஒரு மணி நேரத்தில் சிடி கடைக்குத் திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் என் கடை வாசலில் தொங்கிய சட்டைகள் ஆடின.

"மிஷின் தகராறா? எரிச்சதும் கடைசியா டிஸ்க்கை 'மூடணு'மாமே! மூடினாத்தான் வீட்டு பிளேயர்ல ஓடுமாம். ஒரு பட்டனைத் தட்டுற வேலையாம். வேணும்னே மூடாம விட்டிருக்கீங்க! நாங்க மூடித் தரவான்னு கேட்டாங்க. உங்க கையாலதான் மூட வைக்கணும்னு வந்தேன்."

தெரு கூடிவிட்டது.

"ஆளைக் கடையிலேயே கட்டிப் போட இப்படி ஒரு வித்தையா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

நானும் என் பங்குக்கு "சேச்சே" என்றேன்.

சிடி கடைக்காரர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். டிஸ்க்கை மிஷினில் போட்டார். பட்டன் மேல் விரல் வந்து நின்றது.

"அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவர்கிட்ட என்ன கேக்கிறது? மூடுங்க!"

மூடினார். "தப்புதாம்மா" என்று கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை வந்தது. கண்டக்டரும் வந்தார். நான் பலகையில் காதை ஒட்டினேன்.

"மன்னிச்சுடு தம்பி. என் பொண்ணு தெருவையே கூட்டிட்டாளாமே. மூட வேண்டாம்னது நான்தான்னு நீ சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருந்தீங்களே, சார்."



"எங்க வீட்ல எப்பவும் கேமரா என் வீட்டுக்காரி கையிலதான் தம்பி. எல்லாத்துலயும் அவ குரல் இருக்கு, ஆள் இல்லை. அதான் தெரிஞ்சவங்க வீட்டு வீடியோல எல்லாம் தேடறேன். யாரோட கல்யாணத்துலயாவது ஓரமா நின்னிருப்பாளே! நான் வீடு வீடா ஏறி இறங்கறது பொண்ணுக்குத் தெரிஞ்சா அழுதுடுவா."

"தெரியும் சார்."

"இந்த வாரம் மாடி வீட்டுக்காரங்க குடுத்தாங்க. பதினாலு செகண்டு. அவங்க பேத்தி கேக் வெட்டுது, பின்னாடி இவ நின்னு கை தட்டறா. ஆனா இதை எங்க சேர்க்கிறது? மூடினா அப்புறம் எதுவும் சேர்க்க முடியாதுன்னியே."

டிராயர் இழுபடும் சத்தம்.

"மூடினது உங்க பொண்ணு கொண்டுவந்த டிஸ்க் சார். கீறல் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு முதல் வாரத்துல இருந்தே இன்னொண்ணுலயும் சேர்த்துக்கிட்டுதான் வர்றேன். இது திறந்துதான் இருக்கு."

மிஷின் ஓட ஆரம்பித்தது. பலகை சூடாயிற்று. நான் சட்டைக் கையைக் கொண்டுபோய்க் காலரில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் நின்றது.

"மூடிடட்டுமா, சார்?"

"வேண்டாம் தம்பி. இன்னும் எங்கயாவது நின்னுக்கிட்டிருப்பா."

அவ்வளவுதான். அந்த சிடி கடைக்காரர் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் மகள் இன்றைக்கும் என்னிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். அதனால் இதெல்லாம் உங்களோடு இருக்கட்டும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.