ஏரிக்காக ஒரு கேள்வி

"புது ஃபேக்டரி வேணாம்னு சொல்லிடாத எஸ்லின். ஊர்ப் பிள்ளைங்களுக்கு வேலை வேணும். கழிவுத் தண்ணி ஏரிக்குப் போகாம சுத்திகரிப்பு பிளாண்ட் போடுவீங்களான்னு மட்டும் கேளு," என்றான் யேசுராஜ்.

"அத்தனை பேர் முன்னாடி பேச நடுங்குதுங்க," என்றாள் மனைவி.

"கலெக்டர் இருப்பாரு. பதில் வர்ற வரைக்கும் உட்காராத."

மறுநாள் மூக்கண்டப்பள்ளியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எஸ்லின் கேட்டாள். கூட்டமே கைதட்டியது.

"கம்பெனி என்ன சொல்லுது?" என்றார் கலெக்டர். எஸ்லின் உட்காரவில்லை.

மேடையில் முதலாளி தன் மேனேஜர் பக்கம் குனிந்தார். "என்னய்யா, ஒரு வருஷமா நீ கேட்டு நான் தட்டிக்கழிச்சதையே இந்தம்மாவும் கேக்குது?"

"ஜனங்களே கேட்டுட்டாங்க சார். இனிமே தட்ட முடியாது."

"சரி, போடறோம்னு சொல்லித் தொலை."

மேனேஜர் யேசுராஜ் மைக்கைப் பிடித்து, நின்றுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

"கண்டிப்பா போடறோம் மேடம். நீங்க உட்காருங்க."