மூணாவது கதவு

"என்னது, ஆம்பளை பொம்பளைன்னு தனித்தனியா போர்டே காணோம்?"

பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். பஸ் ஏறியதிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"புதுசா கட்டியிருக்காங்க அண்ணி. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் நாத்தனார். "உள்ள ஒவ்வொண்ணும் தனி ரூம் மாதிரி. கை கழுவற இடம் மட்டும்தான் பொது."

"கர்மம். பக்கத்துல எவனோ நின்னு மூஞ்சி கழுவுவான். நான் பையிலேருந்து ஒரு நாப்கின் பாக்கெட்டை எடுத்துக்கிட்டு உள்ள போக முடியுமா?"

"வீட்டுல மட்டும் எங்கண்ணனுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னா கட்டி வெச்சிருக்கோம்?"

"அது வீடு. இது கண்டவன் வந்து போற இடம்."

"முன்னாடி லேடீஸ் க்யூ ரோடு வரைக்கும் நிக்கும். பக்கத்துல ஜென்ட்ஸ்ல ஈ காக்கா இருக்காது. இப்ப க்யூவே இல்லை, பாருங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது. தான் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. டீச்சருக்குக் குழப்பமாக இருந்தது. வயிறு அதற்கெல்லாம் காத்திருப்பதாக இல்லை. பையை நாத்தனார் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று கதவுகள். இரண்டு உள்ளே தாழ் போட்டிருந்தன. மூன்றாவது கதவில் ஓர் ஆள் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். நாற்பது வயசிருக்கும். கசங்கின சட்டை, தோளில் ஒரு பை. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்திருந்தான். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். முகமெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் நகர்றீங்களா? நான் போகணும்."

"இல்லைங்க... மத்ததுலேருந்து யாராவது வெளிய வருவாங்க. கொஞ்சம் பொறுங்க."

"நீங்களும் போகல, என்னையும் விட மாட்டேங்கறீங்க. அப்புறம் எதுக்குங்க இங்க நிக்கறீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கதவுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

கை கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா டீச்சரின் காதருகே வந்தாள். "நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். ஆளு நகர மாட்டேங்கறான். உள்ள ஏதோ பொண்ணு இருக்கு போல."

டீச்சருக்குப் பகீரென்றது.

"உள்ள யாரு?"

"அது... தெரியாதுங்க."

"தெரியாத பொண்ணு இருக்கற பாத்ரூம் கதவை எதுக்கு சாத்திப் பிடிச்சிருக்கீங்க? மரியாதையா விடுங்க!"

"முடியாதுங்க."

அந்த ஒரு வார்த்தை போதாதா? வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல் டீச்சருக்கு. போட்ட சத்தத்தில் வெளியே நின்ற கூட்டம் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. நாத்தனாரும் பைகளோடு ஓடி வந்தாள்.

"இதுக்குத்தான் சொன்னேன், பொதுவா வெச்சா இப்படித்தான் ஆகும்னு!" என்றாள் டீச்சர்.

வாட்டசாட்டமான ஒருவர் முன்னால் வந்து அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சொன்னா கேக்க மாட்டே?"

இழுத்த இழுப்பில் அவன் தடுமாறினான். கதவு அவனோடு சேர்ந்து வெளிப்பக்கமாக ஒரு சாண் திறந்தது.

"ஐயோ!" என்று உள்ளேயிருந்து ஓர் அலறல்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகாலேயே மோதிக் கதவைச் சாத்தினான். கன்னத்தில் விழுந்த அறையையும் அப்படியே வாங்கிக்கொண்டான்.

குழாய் நின்றது.

"அண்ணா, விட்டுடாதீங்கண்ணா!" உள்ளேயிருந்து அழுகை கலந்த குரல். "இன்னும் உடுத்தி முடிக்கலண்ணா!"

ஓங்கின கை அந்தரத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீச்சருக்கு எல்லாரையும்விடப் புரியவில்லை.

"உங்க... தங்கச்சியா?"

"இல்லைங்க. முகம்கூடப் பார்த்ததில்லை." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் என் அவசரத்துக்குத்தான் வந்தேன். தாழ்ப்பாள் கழண்டு போச்சு, துணியெல்லாம் கறை, அலசணும், யாராவது கதவைப் பிடிச்சுக்கோங்கன்னு உள்ளேருந்து கூப்பிட்டுச்சு. பக்கத்துல வேற யாரும் இல்லை."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"ஆம்பளைங்களும் வந்து போற இடம். உள்ள ஒரு பொண்ணு இருக்கு, கதவுக்குத் தாழ் இல்லைன்னு எப்படிங்க சத்தமா சொல்றது?"

சட்டையைப் பிடித்தவர் கையை எடுத்தார். கசங்கிய இடத்தை நீவிவிடப் பார்த்தார். முடியாமல் வெளியே நடந்தார். அவர் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது. காதில் ஓதின அம்மாவை அதற்குள் காணோம்.

இரண்டாவது கதவு திறந்து யாரோ வெளியே போனார்கள். டீச்சர் அதைப் பார்த்தாள். தன் அவசரத்தை அடக்கிக்கொண்டாள்.

"நீங்க அதுல போய்ட்டு வாங்க. பாவம், எவ்வளவு நேரமா நிக்கறீங்க" என்று அந்த ஆளிடம் சொல்லி, மூன்றாவது கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். "இந்தக் கதவை நான் பார்த்துக்கறேன்."

"யாரு? யாரு கதவைப் பிடிக்கறது?" உள்ளே குரல் பதறியது.

"பயப்படாதம்மா, லேடீஸ்தான். நான் டீச்சர்."



"இவ்வளவு நேரம் கத்தினது நீங்கதானே? வேணாம்க்கா... அந்த அண்ணனே பிடிச்சுக்கட்டும்."