மூவாயிரத்து நானூறு கண்மணிகள்

புதிய மென்பொருள் வந்த முதல் ஆண்டு. சுவரை நிறைத்த திரையில் இறந்த சிசுக்களின் பட்டியல் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. கண்மணி, கண்மணி, கண்மணி. தொடர்ந்து மூவாயிரத்து நானூறு வரிகளில் அதே பெயர். சுகாதாரத் துறை இணை இயக்குநர் சதாசிவம் எழுந்தே நின்றுவிட்டார். கணினி முன் இருந்த மெர்லின் ஒரு கிராமச் செவிலியரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "பேர் வைக்கறதுக்கு முன்னாடியே போன பிள்ளைங்க சார். பழைய நோட்டுல அதுங்களை எழுதவே மாட்டோம். இதுல பேர் அடிக்கலைன்னா அடுத்த பக்கம் போகமாட்டேங்குது. ட்ரெயினிங்ல மாதிரிக்குக் கண்மணின்னு அடிச்சுக் காட்டினாங்க. அதையே வெச்சுட்டோம்." "எல்லாருமா?" "மத்த ஊர் தெரியாது சார். நான் பதினோரு பிள்ளைக்கு வெச்சேன்." சதாசிவம் உட்காரவில்லை. இத்தனை காலம் மாநிலம் பெருமையோடு காட்டிவந்த சிசு மரணங்களின் சிறிய எண், அவர் மேசையில் அச்சாகிக் கிடந்தது. நாளை மறுநாள் சட்டசபையில் அமைச்சர் அதைத்தான் படிக்கவிருந்தார். "ஒரே பேர்தானே, டூப்ளிகேட்னு சேர்த்துட்டா?" என்றார். "ஒரு பட்டன்தான் சார். எல்லாம் ஒரே குழந்தையாயிடும்." மெர்லின் மவுஸைத் தொட்டதும் பட்டியல் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த கட்டம் தெரிந்தது. தாயின் பெயர். செல்லாயி, ரெஜினா, பாத்திமுத்து, வேடியம்மாள் என்று அது போய்க்கொண்டே இருந்தது. "சேர்த்திடவா சார்?" என்று கேட்டுத் திரும்பியவள், அவர் திரையின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்த்தாள்.