மஞ்சள் சீட்டு

"மறுபடியும் மஞ்சள் சீட்டா?" புது சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். அவர் வேலையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் இது பதினோராவது.

செயற்கைக்கோளுக்குப் போகும் சர்க்யூட் போர்டுகள் அவை. ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கான சால்டர் புள்ளிகள். செக்கிங் அம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் போர்டு அந்த ஹாலைத் தாண்டும்.

சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டு ஒட்டுவார். ஒட்டிவிட்டால், சால்டர் வைத்தவர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பதினோரு சீட்டும் ஒரே டெக்னீஷியனுக்குத்தான். இத்தனைக்கும் அந்த ஹாலிலேயே சுத்தமான கை அவருடையது. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து ஏதோ முணுமுணுப்பார்கள். கடைசியில், "சரியாத்தான் இருக்கு" என்று அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

சூப்பர்வைசர் டெக்னீஷியனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா உங்களை வேணும்னே படுத்துறாங்க. ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்!" டெக்னீஷியன் பதறிப்போனார். "நான் நிம்மதியா வீட்டுக்குப் போய்ச் சேரணும்."

ஒரு மனுஷனை இப்படியா மிரட்டி வைப்பது? சூப்பர்வைசருக்கு இரக்கம் பொங்கியது. யாரிடமும் விசாரித்துக்கொண்டிருக்காமல், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலையில் டெக்னீஷியன் முடித்த போர்டைப் பக்கத்து மேஜைக்காரரின் பெயர் எழுதிய தட்டிலும், பக்கத்து மேஜைக்காரர் முடித்ததை இவர் தட்டிலும் மாற்றி வைத்து அனுப்பினார். அரை மணியில் இரண்டும் திரும்பி வந்தன. டெக்னீஷியனின் போர்டில் சீட்டே இல்லை. அவர் தட்டில் போன அடுத்தவர் போர்டில்தான் பளிச்சென்று மஞ்சள்!

சூப்பர்வைசர் இருவரையும் தன் அறைக்கு வரவழைத்தார். ஹாலில் இருந்தவர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். இரண்டொருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீங்க போர்டைப் பாத்துச் சீட்டு ஒட்டலம்மா, ஆளைப் பாத்து ஒட்டுறீங்க!" இரண்டு தட்டுகளையும் மேஜையில் வைத்தார். "அப்படி என்ன பகை இவர்மேல?"

அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். டெக்னீஷியன் கூரையைப் பார்த்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

"சரி, பேச வேண்டாம். நாளையிலேருந்து நீங்க காலை ஷிப்ட், அவர் மாலை ஷிப்ட். ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கவே வேண்டாம்!"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், சார், ஷிப்டை மட்டும் மாத்திடாதீங்க. இனிமே சீட்டு ஒட்ட மாட்டேன். எங்க வீட்ல ரெண்டே ரூம் சார். மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம், பிள்ளைங்கன்னு மொத்தம் பதினோரு பேர். மனசு விட்டு ஒரு வார்த்தை பேசணும்னா ஒதுங்க ஒரு மூலை கிடையாது."

சூப்பர்வைசருக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லா இருக்கே நியாயம்! உங்க வீட்ல இடம் இல்லைன்னா, உங்க மாமியாரைக் கேளுங்க. அதுக்கு இவர் என்ன பண்ணுவாரு?"

டெக்னீஷியன் மெல்லத் தலையைச் சொறிந்தார்.

"அந்த மாமியார் எங்கம்மா சார்."