பனி வெளிச்சம்

பேர்ன் நகரின் சின்னத் திரையரங்கொன்றில், புரொஜெக்டர் அறையின் கண்ணாடித் துவாரம் வழியே பார்த்தபடி நிற்கிறான் சிந்துஜன். திரையில் துருக்கியக் கிராமமொன்றின் இரவு. துருக்கியில் தடைசெய்யப்பட்ட இந்தப் படத்தை எடுத்த நெர்மின் நாலாம் வரிசையில் இருக்கிறார். சுற்றிலும் துருக்கிய மாணவர்கள், விடுமுறைக்கு நாடு திரும்பவேண்டியவர்கள்; இங்கே இருந்தது தெரிந்தால் அங்கே ஆபத்து. அரங்கு முழு இருட்டென்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இரவுக் காட்சி ஓடும்வரை அது சரி. பனிக்காட்சி வந்தாலோ, திரையில் விழும் வெள்ளை வெளிச்சம் அப்படியே திரும்பிவந்து, பார்ப்பவர்களின் முகங்களை நிலவு பட்டதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது பனி வருகிறது. பேச்சில்லை, காற்று மட்டும். தூரத்தில் ஒருத்தி நடக்கிறாள். முன்வரிசையில் சாம்பல் கோட்டுக்காரன் ஒருவன் திரைக்கு முதுகு காட்டித் திரும்பி, கைபேசியை உயர்த்துகிறான்.

“அண்ணை, அவன் சனத்தையெல்லே படம் எடுக்கிறான்!” டிக்கெட் மேசையிலிருந்து ஓடிவந்த கிருசிகாவுக்கு மூச்சிரைக்கிறது.

“கண்டனான். எங்கட ஊர்க் கூட்டங்களிலயும் உளவுக்காரர் இப்பிடித்தான் நிண்டவங்கள்.”

“அப்ப ஷட்டரை மூடுங்கோவன்.”

“இந்த ஷொட்டில கை வைக்கக்கூடாதெண்டு படமெடுத்த மனிசி ரெண்டு தரம் சொன்னவ.”

“பேர்ன்ல இல்லாத பனியோ? மூடுங்கோ அண்ணை!”

சிந்துஜன் பொத்தானை அழுத்துகிறான். ஷட்டர் விளக்கை மறைக்க, ஒளிக்கற்றை அறுந்துபோகிறது. காற்றின் இரைச்சல் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. கும்மிருட்டில் தெரிவது ஒரேயொரு முகம், தன் கைபேசியின் வெளிச்சத்திலேயே அகப்பட்ட அந்தக் கோட்டுக்காரனின் முகம். கிருசிகா மெல்லச் சிரிக்கிறாள். அப்போது திரையோரத்து வெளிக்கதவருகே, அரங்கை நோக்கி உயர்ந்த இன்னொரு கைபேசியின் வெளிச்சத்தில் இன்னொரு முகம் துலங்குகிறது.