வரேன் என்று சொன்னவள்

சித்திரை வெயில் கண்ணெதிரே கறுத்தது. எங்கோ இடி உருண்டது. மொட்டைமாடியில் காயும் துணிகளை எடுக்க நிறைமதி எழுந்தாள்.

"துணி எடுக்கப் போறேன்மா."

"இடி இடிக்கிற நேரத்துல போறேன்னு சொல்லாதடி!" என்று அதட்டினாள் அம்மா ஹேமலதா.

"சரி தாயே, வரேன்!" சிரித்துக்கொண்டே படியேறினாள்.

கோடை மழை வந்துவிட்டால் இப்போதெல்லாம் வீடுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். வீட்டார் பேசுவதைக் கேட்டே யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துகொள்ளும். வெளியே யாராவது இருந்தால் பூட்டாது.

முதல் மின்னலுக்கே கதவுகள் பூட்டிக்கொண்டன.

"நிறைமதி வந்துவிட்டார். எல்லோரும் பத்திரம்," என்றது வீடு.

ஹேமலதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்க வந்தா? மாடியில நிக்கிறா! கதவத் திற!"

"'வரேன்' என்று அவரே சொன்னார். போய்விட்டதாக யாரும் சொல்லவில்லையே."

மேலே மாடிக்கதவு படபடவென்று அதிர்ந்தது. "அம்மா! அம்மா!" ஆலங்கட்டிகள் விழும் சத்தத்தில் அந்தக் குரல் அமுங்கி அமுங்கி வந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். பெற்றவள் வாயில் அது வரவில்லை. மறுபடி மின்னல் வெட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்:

"போயிட்டா! என் பொண்ணு போயிட்டா!"

வீடு விளக்குகளை மெல்லத் தணித்தது.

"ஆழ்ந்த இரங்கல்கள்," என்றது.

பூட்டு திறக்கவில்லை. நிறைமதி இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.