ஒரே மாடல்

கார்புரேட்டரைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தான்.

பார்த்துவிட்டான்.

ஷெட்டை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் படுத்திருந்தான். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. கண்களை விட்டுவைத்தது.

வண்டியைப் பார்த்துக்கொண்டாவது கிடக்கட்டும் என்று அவன் மனைவி தெய்வானைதான் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள்.

வாரம் ஒருமுறை வந்து வண்டியைக் கிளப்பிவைக்க இவனிடம் சொன்னவளும் அவள்தான்.

"வண்டிச் சத்தம் கேட்டாத்தானுங்ண்ணா அவரு மொகம் தெளியுது."

மாற்றுச் சாவியை இவனிடமே கொடுத்துவிட்டாள்.

நண்பர்கள் இருவரிடமும் ஒரே மாடல் கார். ஒன்றாக வாங்கியவை. கம்பெனி அந்த வண்டியை நிறுத்திப் பல காலம் ஆயிற்று. உதிரி பாகம் வேண்டுமென்றால் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் குவியலைக் கிளற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே போவார்கள். சேர்ந்தே கிளறுவார்கள்.

நல்ல சாமான் எப்போதும் சென்னியப்பன் கைக்குத்தான் சிக்கும்.

எடுத்ததைத் துடைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, சிரிப்பான். "உனக்கு அடுத்த வாரம் கெடைக்கும்டா" என்பான்.

அந்தச் சிரிப்பை இவன் மறக்கவில்லை.

இவனுடைய தேய்ந்த கார்புரேட்டர் சென்னியப்பன் வண்டிக்குப் போனது. அங்கிருந்தது இவன் வண்டிக்கு வந்தது. அதற்குப் பிறகு டைனமோ. அதற்குப் பிறகு ரேடியேட்டர்.

ஓடாத வண்டிக்கு எதற்கு?

ஒவ்வொரு முறையும் முடித்துவிட்டு எஞ்சினைக் கிளப்புவான். ஒவ்வொரு வாரமும் சத்தம் கொஞ்சம் கெட்டது. இருமியது. விட்டு விட்டு ஓடியது.

ஜன்னலில் சென்னியப்பனின் கண்களில் நீர் வழிந்தது.

தெய்வானை முந்தானையால் துடைத்துவிட்டாள். "பாருங்ண்ணா, சந்தோசத்துல அழுகறாரு."

அவன் தலையாட்டினான். காப்பி கொடுத்தாள். குடித்தான்.

கடைசியாக மாஸ்டர் சிலிண்டர் மிச்சம் இருந்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரங்களுக்கு எண்ணெயைத் தள்ளும் உருளை. பாலக்காட்டில் ஒரு பழைய கடையை மூடும்போது, உறை பிரிக்காததாக சென்னியப்பன் எடுத்து வந்தது. மாட்டிய மாதத்திலேயே பக்கவாதத்தில் விழுந்துவிட்டான்.

இவன் வண்டியில் இருந்தது தேய்ந்துபோனது. காலை வைத்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். பதறாமல் மறுபடி மறுபடி மிதிக்க வேண்டும். இவனுக்குப் பழகியிருந்தது.

அதைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான்.

ஸ்பேனரை வைத்தபோது ஜன்னல் கம்பியில் சத்தம் கேட்டது. சென்னியப்பன் இடது கையால் அடித்துக்கொண்டிருந்தான்.

அடித்தான். விடாமல் அடித்தான்.

தெய்வானை சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்தாள். வாயில் ஊற்றினாள். பாதி கழுத்தில் ஒழுகியது.

இவன் வேலையை முடித்தான்.

அடுத்த வாரம் போனபோது ஷெட் காலியாக இருந்தது.

வண்டி வாசலில் நின்றது. கழுவி, சந்தனம் வைத்து, முன்னால் ஒரு முழம் மல்லிகை கட்டியிருந்தது.

முன்சீட்டில் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, சட்டை. சாய்ந்துவிடாமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை.

"என் தம்பி வந்திருக்கானுங்ண்ணா" என்றாள் தெய்வானை. அவள் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "மலை மேல கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றோம். இந்த வண்டில போனா அவருக்குப் பாதி ஒடம்பு நல்லாயிரும்."

அவன் சக்கரங்களைப் பார்த்தான்.

"டாக்சில போலாமே."

"டாக்சி எதுக்குங்? நீங்க வாரா வாரம் பார்த்த வண்டி." தம்பியின் பக்கம் திரும்பினாள். "அண்ணனாட்டம் ஒரு சிநேகிதம் யாருக்குடா கெடைக்கும்? அவரு கூடப்பொறந்தவங்ககூட எட்டிப் பாக்கல."

எதிர்வீட்டுக்காரர்கள் கைகூப்பி நின்றார்கள். யாரோ டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

"பிரேக்கெல்லாம் எப்பிடீங்ண்ணா?"

சென்னியப்பன் இவனையே பார்த்தான்.

ஒரு வார்த்தை போதும். வண்டியை நிறுத்திவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மற்ற எல்லாமும் வரும். கார்புரேட்டர் வரும். டைனமோ வரும். தெய்வானையின் காப்பி வரும். எதிர்வீட்டார் கூப்பிய கைகளை இறக்குவார்கள்.

"பார்த்துத்தான் வெச்சிருக்கேன்" என்றான்.

சென்னியப்பனின் உதடு கோணியது. இடது கை காற்றில் எதையோ பிடிக்கப் போனது.

"ப்… ப்…"

"பாருங்ண்ணா!" பின்சீட்டிலிருந்து தெய்வானை சிரித்தாள். "போலாம், போலாங்கறாரு."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

சென்னியப்பனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் கண் மட்டும் தெரிந்தது. தெருமுனை வரைக்கும் தெரிந்தது.

மலை ஏறும்போது ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை?

மதியம் சாப்பிட்டான். கொஞ்சம் தூங்கவும் செய்தான்.

சாயங்காலம் வீட்டில் இருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று மனைவி கேட்கும்போதே வாசலைத் தாண்டியிருந்தான். பைபாஸில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. வாங்கிய நாளில்கூட இப்படி ஓடியதில்லை.

பக்கத்து சீட்டில் போன் அடித்தது.

தெய்வானை நம்பர்தான். பேசியது ஒரு ஆண் குரல். தெரியாத குரல். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, இந்தப் போனுக்குச் சொந்தக்காரங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அவன் பிரேக்கை மிதித்தான்.

மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது.